"சித்தி, நீங்க எந்த வருஷம் பிறந்தீங்க?"

ஈசூனில் உள்ள அக்கா வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மறுநாள் சமர்ப்பிக்க வேண்டிய கட்டுரையோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தொடக்கநிலை மூன்றில் படிக்கும் அக்கா மகன் கைக்கணினியோடு சோபாவில் கிடந்தான்.

"சித்தி, நீங்க எந்த வருஷம் பிறந்தீங்க?"

"2004" என்றேன், தலைநிமிராமலேயே.

"தேங்க்ஸ் சித்தி."

அவ்வளவுதான். ஏன் கேட்டான் என்று நான் யோசிக்கவே இல்லை. பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருப்பேன், அதுகூட இப்போது நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம்தான்.

மூன்று வாரம் கழித்து அதே சோபா. இம்முறை அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கைக்கணினியில் அவனுடைய இரண்டு படங்கள். ஒன்றில் பள்ளிச் சட்டை போட்டிருந்தான், மற்றொன்றில் சிவப்பு டீ-சட்டை. "எது நல்லா இருக்கு?" என்று கேட்டான். யாருக்கு என்று கேட்டேன். "கேம் ஃபிரெண்டுக்கு. அவரு எனக்கு லெஜண்டரி பெட் தர்றேன்னு சொன்னாரு. முதல்ல படம் அனுப்பணுமாம்."

அந்த 'ஃபிரெண்டு' யார், எந்த ஊர், எத்தனை வயது, எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆனால் அவனைப் பற்றி அந்த ஆளுக்குப் பெயரும் பள்ளியும் தெரிந்திருந்தன. வேறொரு உரையாடல் செயலிக்கு வரும்படியும் அழைத்திருந்தார். உரையாடலை மேலே தள்ளிப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. விளையாட்டில் சேரும்போது பிறந்த ஆண்டு கேட்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால் 'சேட்' வராது என்று வகுப்புத் தோழன் சொல்லியிருக்கிறான். 2004 என்று போட்டதும் எல்லாம் திறந்துகொண்டது. அந்த விளையாட்டைப் பொறுத்தவரை அவன் இருபது வயதைத் தாண்டிய பெரியவன். அந்தக் கதவின் சாவியைக் கொடுத்தது நான்.

இதை இளையர் பக்கத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் சிறுவர்களுக்கு விளையாட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அம்மாவோ அப்பாவோ அல்ல. "இது நல்ல கேமா, கொஞ்சம் பாரேன்" என்று அவர்கள் கேட்பது உங்களைத்தான். தம்பி தங்கைக்குப் பதிவிறக்கம் செய்து கொடுப்பதும் நீங்கள்தான். அவர்கள் பார்த்து ஆசைப்படுவதும் உங்கள் திரையில் ஓடும் விளையாட்டைத்தான். இலவசமாகக் கிடைக்கும், பலர் சேர்ந்து விளையாடும் இணைய விளையாட்டுகளில் எது சிறுவர்களுக்கு ஏற்றது என்பதை வீட்டில் யாராவது ஒருவர் தெரிந்துவைத்திருக்க வேண்டுமென்றால், அந்த ஒருவர் அநேகமாக நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

எண் சொல்வதும் சொல்லாததும்

செயலிக் கடையில் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் ஒரு வயது எண் இருக்கும். கூகல் பிளேயில் 3+, 7+, 12+, 16+, 18+. ஆப்பிள் 2025ல் தன் வரிசையை மாற்றி இப்போது 4+, 9+, 13+, 16+, 18+ என்று காட்டுகிறது. பலர் அந்த எண்ணைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அந்த எண் சொல்வது விளையாட்டை உருவாக்கியவர் அதற்குள் என்ன வைத்திருக்கிறார் என்பதை மட்டுமே. ரத்தம் இருக்கிறதா, கெட்ட வார்த்தை இருக்கிறதா, பயமுறுத்தும் காட்சி இருக்கிறதா என்பதை அது சொல்லும். உள்ளே யார் யார் வருவார்கள், அவர்கள் உங்கள் தம்பியிடம் என்ன பேசுவார்கள் என்பதை எந்த எண்ணாலும் சொல்ல முடியாது. கார்ட்டூன் முயல்கள் கேரட் பறிக்கும் விளையாட்டுக்கு 3+ கிடைத்துவிடும். அதிலே முன்பின் தெரியாதவரோடு பேசும் வசதி இருந்தால், அது ஒரு பொது இடம்.

எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் வேறு சில வரிகள் இருக்கும். கூகல் பிளேயில் விளையாட்டின் பெயருக்குக் கீழேயே 'விளம்பரங்கள் உள்ளன', 'செயலிக்குள் வாங்கலாம்' என்று போட்டிருக்கும். வயது மதிப்பீட்டின் விவரத்தைத் தட்டினால் 'பயனர்கள் தொடர்புகொள்ளலாம்' என்ற குறிப்பும் சிலவற்றில் வரும். என்னைக் கேட்டால் வயது எண்ணைவிட அந்தக் குறிப்பைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும். அமெரிக்காவில் விளையாட்டுகளை மதிப்பிடும் அமைப்பு 2020ல் இன்னொரு குறிப்பையும் சேர்த்தது. காசு கொடுத்து வாங்குவது என்ன பொருள் என்று வாங்கும்வரை தெரியாது, குலுக்கல் முறையில்தான் கிடைக்கும் என்றால் அதையும் அட்டையில் சொல்ல வேண்டும். இது ஏன் முக்கியம் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

சிங்கப்பூரிலும் செயலிக் கடைகளுக்குப் பொறுப்பு உண்டு. தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் இணையப் பாதுகாப்பு நடைமுறை விதிகள் 2025 மார்ச் 31 முதல் ஆப்பிள், கூகல், ஹுவாவெய், மைக்ரோசாஃப்ட், சாம்சுங் ஆகியவற்றின் செயலிக் கடைகளுக்குப் பொருந்துகின்றன. நல்லதுதான். ஆனால் சித்தியின் பிறந்த ஆண்டை இரவல் வாங்கிக்கொண்டு வரும் ஒன்பது வயதுப் பையனை எந்த விதியாலும் எளிதில் பிடித்துவிட முடியாது.

எதிரே இருப்பவர் யார்?

சிறுவர்கள் விளையாடும் இணைய விளையாட்டு என்றதும் உடனே வரும் பெயர் ரோப்லாக்ஸ். 2006ல் தொடங்கப்பட்டது. பலர் நினைப்பதுபோல் அது ஒரே விளையாட்டு அல்ல, பயனர்களே உருவாக்கிப் போடும் எண்ணற்ற விளையாட்டுகள் அடங்கிய ஒரு தளம். அதனால் 'ரோப்லாக்ஸ் நல்லதா?' என்று கேட்பது 'தேக்கா நல்லதா?' என்று கேட்பதைப் போன்றது. எந்தக் கடை, எந்தச் சந்து, எந்த நேரம் என்பதைப் பொறுத்தது பதில். பூந்தோட்டம் போடும் விளையாட்டும் அங்கே இருக்கிறது, பேய்வீடும் இருக்கிறது.

அங்கே வேறு சிலவும் இருந்திருக்கின்றன. 2023 பிப்ரவரியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட தகவல் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். தீவிரவாதச் சிந்தனைக்கு ஆளாகிக் கட்டுப்பாட்டு ஆணைக்கு உட்படுத்தப்பட்ட 16 வயது சிங்கப்பூர் மாணவர் ஒருவர், ரோப்லாக்சில் ஐஎஸ்ஐஎஸ் பாணியில் சிலர் அமைத்திருந்த தளங்களில் சேர்ந்து விளையாடியிருந்தார். சிரியாவையும் தென் பிலிப்பீன்சின் மராவி நகரத்தையும் போலவே அமைத்த போர்க்களங்கள் அவை. அந்த விளையாட்டுக்குள்ளேயே இருந்த 'தலைவரிடம்' அவர் விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். விளையாட்டுக் காட்சிகளை வைத்துப் பிரசாரக் காணொளிகளும் செய்தார். கட்டங்கட்டமான பொம்மை உருவங்கள் ஓடியாடும் அதே தளத்தில்தான் இது நடந்தது.

இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்த அல்ல. பல மில்லியன் பிள்ளைகள் எந்தத் தொல்லையும் இன்றி அங்கே விளையாடுகிறார்கள். அந்த நிறுவனமும் அதற்குப் பிறகு நிறைய மாற்றியிருக்கிறது. 2024 நவம்பரில் 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் விளையாட்டுக்கு வெளியே தனிச்செய்தி அனுப்ப முடியாதபடி செய்தது. பெற்றோர் தங்கள் கைப்பேசியிலிருந்தே பிள்ளையின் கணக்கைக் கவனிக்கும் வசதி வந்தது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் உள்ளடக்கத்தின் தீவிரத்தைக் காட்டும் அடையாளம் உண்டு. ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அதில் மிக மென்மையான இரு படிகள் மட்டும்தான் தாமாகத் திறக்கும். 2025 நவம்பரில், உரையாடல் வசதி வேண்டுமென்றால் முகத்தைக் காட்டி வயதை உறுதிசெய்ய வேண்டும் என்றும், ஒத்த வயதினர்தான் ஒருவரோடொருவர் பேச முடியும் என்றும் அறிவித்தது. பிறந்த ஆண்டை மட்டும் கேட்டு நம்பிவிடும் காலம் முடிகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். எல்லா விளையாட்டுகளும் இன்னும் அந்த இடத்துக்கு வந்துவிடவில்லை.

விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது முதலில் தேடுவது, அதில் பேசும் வசதி எப்படி அமைந்திருக்கிறது என்பதைத்தான். அதில் பல படிகள் இருக்கின்றன. சில விளையாட்டுகளில் பேச்சே கிடையாது, கையசைப்பதும் ஆடுவதும் மட்டும்தான். சிலவற்றில் 'நன்றாக ஆடினாய்', 'இங்கே வா' போன்ற தயார் வாக்கியங்களை மட்டும் தட்டலாம். சிலவற்றில் தட்டச்சு செய்யலாம், கெட்ட வார்த்தைகளை வடிகட்டி நீக்கிவிடும். கடைசிப் படியில் குரல் உரையாடல். கெட்ட வார்த்தை வடிகட்டியை நம்பி ஏமாற வேண்டாம். "உன் பள்ளி எது?" என்ற கேள்வியில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை.

அமாங் அஸ் விளையாடியிருப்பீர்கள். யார் வஞ்சகன் என்று விவாதித்துக் கண்டுபிடிப்பதுதான் அதன் சுவை, பேச்சு இல்லாமல் அது இல்லை. ஆனாலும் 2021ல் அதன் தயாரிப்பாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். குறைந்த வயதினர் உண்மையான வயதைச் சொன்னால் தயார் வாக்கியங்களால் மட்டுமே பேசலாம், மற்றவற்றுக்குப் பெற்றோர் அனுமதி வேண்டும். "சிவப்பு எங்கே இருந்தது?" என்று கேட்க அது போதும்.

எப்பிக் கேம்ஸ் நிறுவனத்தின் ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக், ஃபால் கைஸ் ஆகிய மூன்றிலும் 2022 டிசம்பரிலிருந்து இப்படிப்பட்ட ஏற்பாடு இருக்கிறது. பிள்ளை தன் வயதைச் சரியாகச் சொன்னால் விளையாட விடும். பெற்றோர் மின்னஞ்சல்வழி ஒப்புதல் தரும்வரை பேசுவதும் வாங்குவதும் மூடியே இருக்கும். ஏற்பாடு நன்று என்பதால் ஃபோர்ட்நைட்டை ஒன்பது வயதுப் பையனுக்குப் பரிந்துரைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுட்டுத்தள்ளி மிஞ்சி நிற்கும் ஆட்டம் அது. ஃபால் கைஸ் வேறு கதை. அவரைக்காய் விதைக்குக் கால் முளைத்ததுபோன்ற உருவங்கள் தள்ளுமுள்ளுப் பட்டு, சறுக்கி, விழுந்து ஓடும் தடைப் பந்தயம். தோற்றாலும் சிரிப்பு வரும்.

கவனித்தீர்களா? இந்தப் பாதுகாப்புகள் அனைத்தும் ஒரே ஒரு தகவலை நம்பி நிற்கின்றன. பிள்ளையின் உண்மையான வயது. அதை மாற்றிப் போட்டால் மற்ற அனைத்தும் சரிந்துவிடும். நான் சொன்ன 2004 செய்த வேலை அதுதான்.

இலவசத்தின் விலை

ஒரு விளையாட்டை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டு உழைக்கிறார்கள். பிறகு இலவசமாகக் கொடுக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்த பிறகே பதிவிறக்கப் பொத்தானைத் தட்டலாம் என்பது என் கருத்து.

விளம்பரம் ஒரு வழி. உடை, அலங்காரம் விற்பது இன்னொரு வழி. பருவச் சீட்டு விற்பது மூன்றாவது; பத்து வாரத்துக்குள் விளையாடி முடிக்காவிட்டால் கட்டிய காசுக்குரிய பரிசு போய்விடும் என்பதால் பிள்ளை நாள்தோறும் வந்தே தீர வேண்டும். ஆகப் பெரிய குழி குலுக்கல்.

உயர்நிலை மூன்று, நான்கில் நிகழ்தகவு படிப்பவர்கள் தாளும் பேனாவும் எடுங்கள். 2020ல் வெளிவந்த கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அழகான விளையாட்டு, மறுக்கவில்லை. அதில் ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஒரு குலுக்கலில் கிடைக்க அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு. பத்து முறை குலுக்கினால்? கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.994ன் பத்தாம் அடுக்கு, அதாவது ஏறக்குறைய 94 விழுக்காடு. 90 முறைக்குள் ஏதாவது ஓர் ஐந்து நட்சத்திரம் உறுதி என்று விதி இருக்கிறது. ஆனால் அது நீங்கள் விரும்பிய கதாபாத்திரமாக இல்லாமல் போகலாம். அப்படிப் போனால் அடுத்த 90க்குள் விரும்பியது உறுதி. மிக மோசமான நிலையில் 180 குலுக்கல்.

ஒரு குலுக்கலுக்கு 160 ரத்தினம். 180க்கு 28,800. கடையில் இருப்பதிலேயே பெரிய பொட்டலம் ஏறத்தாழ 100 அமெரிக்க டாலர். வழக்கமான போனசோடு 8,080 கிடைக்கும். நான்கு பொட்டலம் வாங்க வேண்டும். ஒரே ஒரு கதாபாத்திரத்துக்கு, மோசமான நாளில், 400 அமெரிக்க டாலர். விளையாடியே ரத்தினம் சேர்க்கலாம், பலர் ஒரு காசும் செலவழிக்காமல் விளையாடுகிறார்கள் என்பதும் உண்மை. பொறுமை உள்ளவர்களுக்கு அது சரி. ஒன்பது வயதில் பொறுமை எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் கணக்கைப் போட எனக்கே அரைமணி நேரம் ஆனது. காசு ஒரு பளிங்காக மாறுகிறது, பளிங்கு ரத்தினமாக மாறுகிறது, ரத்தினம் குலுக்கல் சீட்டாக மாறுகிறது. மூன்று முறை மாறிய பிறகு 'இது எத்தனை வெள்ளி?' என்று யாருக்கு நினைவிருக்கும்? 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இதே குற்றச்சாட்டைத்தான் வைத்தது. சிறுவர்களையும் இளையர்களையும் உண்மையான செலவு தெரியாதபடி குழப்பியதாகச் சொன்னது. ஹோயோவெர்ஸ் என்ற பெயரில் இயங்கும் காக்னோஸ்பியர் நிறுவனம் 20 மில்லியன் அமெரிக்க டாலர் கட்டவும், பெற்றோர் சம்மதமின்றி 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் குலுக்கல் பெட்டி விற்காதிருக்கவும் இணங்கியது.

அதற்கு முன்பு 2022 டிசம்பரில் எப்பிக் கேம்ஸ் 520 மில்லியன் அமெரிக்க டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 245 மில்லியன், குழப்பமான பொத்தான்களால் விரும்பாமலேயே வாங்கிவிட்டவர்களுக்குத் திருப்பித் தர. மீதி 275 மில்லியன், சிறுவர்களின் தகவலைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டியதற்கு. மேலே நான் புகழ்ந்த பாதுகாப்பான கணக்கு வந்ததும் அதே மாதம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியம் 2018லேயே காசு கொடுத்து வாங்கும் குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டம் என்று முடிவுசெய்தது.

நம் வீடுகளில் இந்தக் காசு பெரும்பாலும் வங்கி அட்டையிலிருந்து வருவதில்லை. தீபாவளிக்குத் தாத்தா பாட்டி, மாமா அத்தை கொடுக்கும் பண உறையிலிருந்து வருகிறது. பக்கத்துக் கடையில் விளையாட்டுக்கான அன்பளிப்பு அட்டை கிடைக்கிறது. பிள்ளையின் சொந்தப் பணம், அவன் விருப்பம் என்று பெரியவர்கள் விட்டுவிடுகிறார்கள். நானும் முழுக்கத் தடுக்கச் சொல்லமாட்டேன். வாங்குவதற்கு முன் ஒரு தாளில் "இது எத்தனை தட்டு சிக்கன் ரைஸ்?" என்று எழுதச் சொல்லுங்கள். என் அக்கா மகன் ஒரு பறக்கும் தொப்பிக்கு நான்கு தட்டு என்று கண்டுபிடித்து, தொப்பியைக் கைவிட்டான். டைனோசருக்கு ஆறு தட்டு, அதை மட்டும் வாங்கினான். சரி, அவன் காசு.

வங்கி அட்டை விஷயத்தில் மட்டும் தளர்ச்சி வேண்டாம். அம்மாவின் அட்டை எண்ணைக் கைக்கணினியில் சேமித்து வைக்காதீர்கள். ஆப்பிளிலும் கூகலிலும் குடும்பக் கணக்கு அமைத்தால், பிள்ளை எதை வாங்கத் தட்டினாலும் பெற்றோர் கைப்பேசிக்கு அனுமதி கேட்டு வரும். அமைக்கப் பத்து நிமிடம் போதும். பெற்றோருக்கு இதைச் செய்யத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. இலவசம் என்றால் மலிவு என்று அர்த்தமில்லை. ஒருமுறை காசு கட்டி வாங்கும் விளையாட்டு சில வேளைகளில் ஆகச் சிக்கனம். மைன்கிராஃப்ட் அப்படித்தான். உடன்பிறந்தவர்களும் உறவுக்காரப் பிள்ளைகளும் மட்டும் சேர்ந்து, வெளியாள் யாரும் இல்லாமல் கட்டி விளையாடலாம். இந்தக் கட்டுரையின் தலைப்புக்குள் அது வராது, இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை.

"இன்னும் ரெண்டே நிமிஷம்மா!"

ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்கள் பள்ளி வேலை நீங்கலாக ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகத்தான் திரையைப் பார்க்க வேண்டும் என்கிறது 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டி. இது எல்லாருக்கும் தெரியும். எல்லா வீட்டிலும் சண்டை வருவதும் இதில்தான்.

பாதிச் சண்டைக்குக் காரணம் பிள்ளையின் பிடிவாதம் அல்ல, விளையாட்டின் அமைப்பு. மொபைல் லெஜண்ட்ஸ் விளையாடுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐவருக்கு எதிராக ஐவர், ஓர் ஆட்டம் கால்மணி நேரம்கூடப் போகும். நடுவில் விட்டு வந்தால் நன்மதிப்புப் புள்ளி குறையும், குழுவில் மற்ற நால்வரும் திட்டித் தீர்ப்பார்கள். அந்த நேரத்தில் அம்மா "சாப்பிட வா" என்று கூப்பிட்டால், உண்மையாகவே வர முடியாது. அம்மாவுக்கு அது தெரியாது. பிள்ளைக்கு அதை விளக்கத் தெரியாது. ராக்கெட் லீக்கில் காரால் பந்தை உதைக்கும் ஓர் ஆட்டம் ஐந்து நிமிடம். ஃபால் கைசில் ஒரு சுற்றில் வெளியேறிவிட்டால் அப்படியே மூடிவிட்டு வரலாம், யாருக்கும் நட்டமில்லை. சிறுவருக்கு விளையாட்டு தேடும்போது ஓர் ஆட்டம் எத்தனை நிமிடம், நடுவில் விட்டால் தண்டனை உண்டா என்று பாருங்கள். பிறகு அம்மாவிடம் "ஆட்டம் முடியும் நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள்" என்று எடுத்துச் சொல்லுங்கள். எங்கள் அக்கா வீட்டில் இப்போது கணக்கு நிமிடத்தில் இல்லை, ஆட்டத்தில். "இன்னும் ரெண்டு மேட்ச்" என்றால் இரண்டுதான்.

இதையெல்லாம் கடைப் பக்கத்தைப் படித்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. தம்பிக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஓர் அரைமணி நேரம் விளையாடிப் பாருங்கள், அவன் வயதைப் போட்டு. எத்தனையாவது நிமிடத்தில் முதல் விளம்பரம் வருகிறது, எப்போது முதல்முறையாக எதையாவது வாங்கச் சொல்கிறது, தெரியாதவர் யாராவது நட்பு அழைப்பு அனுப்புகிறாரா, அவரைத் தடுக்கும் பொத்தான் எங்கே ஒளிந்திருக்கிறது. அரைமணி நேரத்தில் விளையாட்டு தன் குணத்தைக் காட்டிவிடும். வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்க நல்ல சாக்கும்கூட.

அந்த மாலைக்குத் திரும்புகிறேன்

படம் போகவில்லை. அவன் வந்து கேட்டதால் போகவில்லை. அது அதிர்ஷ்டம், எங்கள் கெட்டிக்காரத்தனம் அல்ல.

உரையாடல் முழுவதையும் திரைப்பிடிப்பு எடுத்தோம். அதை எடுக்காமல் முதலிலேயே அந்த ஆளைத் தடுத்திருந்தால் ஆதாரம் கைவிட்டுப் போயிருக்கலாம். பிறகு விளையாட்டுக்குள்ளேயே புகார் கொடுத்தோம், தடுத்தோம், கடவுச்சொல்லை மாற்றினோம். நிறுவனத்திடமிருந்து இரண்டு வரித் தானியங்கிப் பதில் வந்தது, அதோடு சரி. காவல்துறையிடமும் புகார் செய்தோம். பிள்ளையிடம் படம் கேட்பது, வேறு செயலிக்கு அழைப்பது ஆகியவற்றை 'சின்ன விஷயம்' என்று விட்டுவிடக் கூடாது. கணக்கை ஏமாற்றிப் பிடுங்குவது, இலவச ரத்தினம் தருவதாகக் கடவுச்சொல் கேட்பது போன்ற மோசடிச் சந்தேகம் என்றால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

அக்கா அன்றிரவே கைக்கணினியில் இருந்த அத்தனை விளையாட்டையும் நீக்கப் போனார். கோபமில்லை, பயம். பையன் அழுதான். அழுகைக்கு நடுவே அவன் சொன்னதுதான் எங்கள் இருவரையும் நிறுத்தியது. "நான் சொல்லாமயே இருந்திருக்கலாம்."

அவன் செய்த ஒரே சரியான காரியம் எங்களிடம் வந்து காட்டியது. அதற்குத் தண்டனை கொடுத்தால் அடுத்த முறை காட்டமாட்டான். அக்கா கைக்கணினியைக் கீழே வைத்தார். அந்த ஒரு விளையாட்டை மட்டும் நீக்கினோம், ஏன் என்று அவனிடமே சொல்லி. பிறந்த ஆண்டு கொடுத்தது என் தப்பு என்றும் சொன்னேன். பெரியவர்கள் தப்பை ஒப்புக்கொள்வது அவனுக்குப் புதிது போலிருந்தது, கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வார இறுதியில் மூவரும் உட்கார்ந்து தேடினோம். ஃபால் கைஸ் வந்தது, அவனுடைய உண்மையான பிறந்த தேதியோடு. ஒப்புதல் கேட்ட மின்னஞ்சலை அக்கா முழுக்கப் படித்துப் பார்த்து, பேசும் வசதியை மூடியே வைத்தார்.

இன்னொன்று நான் எதிர்பாராதது. 2024 நவம்பர், டிசம்பரில் உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டி செந்தோசாவில் நடந்தது நினைவிருக்கும். சென்னையின் குகேஷ், சீனாவின் டிங் லிரெனை 7.5-6.5 என்று வென்று 18 வயதில் உலக வெற்றியாளரானார். அப்போதிருந்தே பையனுக்குச் சதுரங்கத்தில் ஒரு கண். லிசெஸ் என்ற தளம் 2010லிருந்து இருக்கிறது. நன்கொடையில் நடக்கிறது. விளம்பரம் இல்லை, வாங்குவதற்கு எதுவுமே இல்லை. அமைப்புப் பகுதியில் 'சிறுவர் முறை' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் தளத்தில் பேசும் வசதி எல்லாம் மறைந்துவிடும், பலகையும் காய்களும் மட்டும். 'இலவசம்', 'இணையம்', 'பலர் விளையாடுவது', 'சிறுவருக்கு ஏற்றது' என்ற நான்கு சொல்லும் ஒருங்கே பொருந்தும் விளையாட்டு எது என்று என்னைக் கேட்டால், என் பதில் அதுதான். பல வண்ணத் தொப்பி கிடைக்காது என்பது குறைதான்.

ஈப்போவில் இருக்கும் தாத்தாவுக்குக் காணொளி அழைப்பில் அக்கா கற்றுக்கொடுத்தார். இணைப்பை அனுப்பினால் தட்டிக்கொண்டு உள்ளே வர இரண்டு வாரம் பழகினார். இப்போது புதன்கிழமையும் சனிக்கிழமையும் இரவு உணவுக்குப் பிறகு ஓர் ஆட்டம். தளத்தில் பேச முடியாது என்பதால் பக்கத்தில் கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்துக்கொள்கிறார்கள்.

போன சனிக்கிழமை நான் போனபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தாத்தா ராணியை அறியாமல் குதிரையின் வழியில் வைத்துவிட்டார். பையன் கையை எடுத்துத் தொடையின் அடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"சித்தி, எடுக்கட்டுமா? தாத்தா பாவம்ல?"

"டேய், எனக்குக் கேக்குது" என்றார் தாத்தா ஈப்போவிலிருந்து. "எடு, எடு. அடுத்த ஆட்டத்துல பாத்துக்கறேன்."